பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதல் பாம்பு: ஜெலுத்தோங் மாடிக்கடை எப்படி?

ஜெலுத்தோங்கில் பழைய கடைவீட்டு வரிசை ஒன்று. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை, மேலே பாம்புக் கடை. பெயர்ப்பலகை கிடையாது, வாட்ஸ்அப்பில் நேரம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரத் தம்பியே கேட்டுக்கொண்டார். வாங்க வருகிறவர்களைவிடப் பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்களாம். அதனால் இங்கே அது வெறும் மாடிக்கடையாகவே இருக்கட்டும். பினாங்கில் பாம்பு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண் எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பல் கிளினிக் ஒன்றில் தாதி. கை கழுவுவதைப் பற்றி என்னிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது. வீட்டுக்காரர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, சின்னவள் முதலாம் ஆண்டு. எழுபதைத் தாண்டிய மாமியாரும் எங்களோடுதான். கெலுகோரில் டெரஸ் வீடு. இந்தக் கூட்டத்தில் பாம்பு கேட்டவன் மூத்தவன். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டிப்போனதன் பலன். அங்கே ஊதுவத்திப் புகைக்கு நடுவே கிளையில் அசையாமல் கிடப்பவை வேக்லர் குழிவிரியன்கள். விஷம் உள்ளவை, கோயிலோடு அவற்றுக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டும். அவனோ அதே பச்சையில் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

மாடிக்கடைக்கு முன்னால் பட்டர்வொர்த்துக்கு அந்தப் பக்கம் வேறொரு விற்பனையாளரைப் பார்த்தோம். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு குட்டியை எடுத்து என் மகன் கையில் கொடுத்து, “இது சாது, பிள்ளைங்களுக்கு ரொம்ப நல்லது” என்றார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அல்பினோ பர்மிய மலைப்பாம்பு. ஒழுங்காகத் தீனி போட்டால் சில வருடங்களிலேயே பத்தடியைத் தாண்டும், பெண் பாம்பு இன்னும் பெரிதாகும். அந்த அளவுப் பாம்பைத் தூக்கவே பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். உரிமத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். “அதெல்லாம் யாரு கேக்கப்போறா” என்றார். அப்படியே திரும்பிவிட்டோம்.

தாள் விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வது பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறை. மழைக்காலத்தில் சாக்கடையில் வந்து கிடக்குமே, தீயணைப்புப் படை வந்து பிடித்துப்போகுமே, நம் ஊர் மலைப்பாம்பு, அது பாதுகாக்கப்பட்ட இனம். குட்டியாகக் கிடைத்தது என்று எடுத்து வளர்க்கக் கூடாது. பால் பைத்தான் (பந்து மலைப்பாம்பு) ஆப்பிரிக்கப் பாம்பு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் தொடாதீர்கள். மாடிக்கடையில் நான் கேட்பதற்கு முன்பே தம்பி கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். நாங்கள் கடைசியில் வாங்கிய கார்ன் ஸ்னேக் (சோளப் பாம்பு) சைட்டிஸ் பட்டியலில் இல்லாதது. இருந்தாலும் பெர்ஹிலித்தானிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ரசீதில் இனப்பெயரை முழுதாக எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தேன்.

கடைக்குள் வருகிறேன். ஒரே நீள அறை. சுவரோரம் இரும்பு அடுக்குகளில் பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. எப்போது சாப்பிட்டது, என்ன அளவு எலி, எப்போது மறுத்தது, எப்போது சட்டை உரித்தது எல்லாம் பேனாவால் எழுதியிருக்கிறது. எங்கள் கிளினிக்கில் நோயாளி அட்டைகூட இத்தனை சுத்தமாக இருக்காது. இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் கொடுப்பதே இந்த அட்டைகளுக்குத்தான். பாம்புக் கடைகளில் நிறத்துக்குத்தான் விலை ஏறும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டியது தவறாமல் சாப்பிடுகிற பாம்பு, அதை நிறம் சொல்லாது, அட்டைதான் சொல்லும்.

மூத்தவனுக்குக் கண் பால் பைத்தான் மேல். காரணம் புரிகிறது. குண்டாக, மெதுவாக, பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். கடித்து வைப்பது அபூர்வம். தம்பி நேராக அவனிடமே பேசினார், என்னிடம் இல்லை. “பையா, இது திடீர்னு சாப்பாட்டை நிறுத்திடும். ரெண்டு மாசம், மூணு மாசம், சில சமயம் அதுக்கும் மேல. உடம்புக்கு ஒண்ணும் இருக்காது. ஆனா நீ தூங்குவியா?” அவன் யோசித்தான். நானும் யோசித்தேன். மூன்று மாதம் பட்டினி கிடக்கிற ஒரு பிராணியைப் பார்த்துக்கொண்டு என் மாமியார் சும்மா இருப்பாரா? பாலும் பழமும் ஊட்டப் போய்விடுவார். பால் பைத்தான் 20, 30 வருடம் உயிரோடு இருக்கும் என்பது இன்னொரு கணக்கு. அதில் ஸ்பைடர் என்று ஒரு நிறவகை உண்டு, பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அந்த நிறத்தோடு சேர்ந்தே நரம்புக் கோளாறும் வரும், தலை ஆடிக்கொண்டே இருக்கும். அதைக் கடையில் வைப்பதே இல்லை என்றார். அந்தப் பதிலில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது.

கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. விஷம் கிடையாது. வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி, ஒல்லி உடம்பு. ஆயுள் 15, 20 வருடம். பால் பைத்தானைவிடச் சுறுசுறுப்பு, கையில் ஒரே இடத்தில் நிற்காது, விரலுக்கு விரல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் தீனி விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மில்க் ஸ்னேக்கும் கிங் ஸ்னேக்கும் கடையில் இருந்தன, நான் அதிக நேரம் நிற்கவில்லை. ஹாக்னோஸ் முகத்தைப் பார்த்துச் சின்னவள் சிரித்தாள். அதற்குப் பின்பல்லில் லேசான விஷம் உண்டு என்றதும் அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு வயதுப் பாம்பாக வாங்குங்கள் என்று தம்பி சொன்னதையும் நான் ஆமோதிக்கிறேன். முட்டையிலிருந்து வந்த குட்டி ஓரடிகூட இருக்காது, சீக்கிரம் மிரளும். பிள்ளைகளின் பிடியும் அவசரமும் அதற்குத் தாங்காது. ஒரு வயதுப் பாம்புக்கு அட்டையும் நீளமாக இருக்கும். நாங்கள் எடுத்தது இரண்டடிப் பாம்பு, ஆரஞ்சு உடம்பில் கருப்பு ஓரம் வைத்த சிவப்புத் திட்டுகள். சாதா நிறம், கடையிலேயே மலிவு. பிள்ளைகள் வைத்த பெயர் ஜாகுங், மலாயில் சோளம்.

பணம் வாங்குவதற்கு முன்னால் தீனி போடும் நாளில் பிள்ளைகளோடு வரச் சொன்னார். இது எல்லாரிடமும் சொல்வதுதானாம். உறைந்த எலிக்குஞ்சைப் பிளாஸ்டிக் பையோடு வெந்நீரில் போட்டு, உருகிச் சூடானதும் துடைத்து, நீள இடுக்கியில் பிடித்துக் காட்டினார். ஒரு நொடி நாக்கு நீட்டல், அடுத்த நொடி பிடித்துச் சுற்றிவிட்டது. பிறகு தலைப்பக்கமாக மெல்ல விழுங்கியது. மூத்தவன் மூச்சுவிடவில்லை. சின்னவள், “எலிக்கு வலிக்குமா?” என்றாள். “அது முன்னாடியே செத்துப்போச்சு பாப்பா, உயிரோட போட்டா எலி பாம்பைக் கடிச்சிடும், அதனாலதான் இப்படி” என்றார். பொய் இல்லை, பூச்சு இல்லை. எலி தின்பதை ஏற்க முடியாத பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக்குப் பாம்பு வேண்டாம் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி. மீன் வாங்கிக்கொடுங்கள்.

மைக்ரோவேவில் சூடாக்கவே கூடாது, வெடித்துவிடும். பாம்பின் உடம்பில் தடிமனான இடம் எதுவோ அந்த அளவு எலி போதும். ஒரு வயதுக்கு வாரம் ஒன்று, பெரிதானதும் பத்து, பதினான்கு நாளைக்கு ஒன்று. சாப்பிட்டபின் இரண்டு நாள் யாரும் தூக்கக் கூடாது, கக்கிவிடும். வீட்டுக்கு வந்த முதல் வாரம் பெட்டியைத் தொடவே கூடாது. இந்த ஒரு வாரம்தான் பிள்ளைகளுக்குப் பெரிய தண்டனை.

அடுத்தது வெயில். இணையத்தில் பாம்பு வளர்ப்பைப் பற்றிக் கிடைப்பதில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வது. அவர்களுக்குக் குளிர் எதிரி, அதனால் சூட்டுவிளக்கு, சூட்டுமேட் என்று அடுக்குகிறார்கள். மூத்தவன் அதையெல்லாம் பார்த்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தான். தம்பி பேனாவை வாங்கிப் பாதிக்குமேல் அடித்துவிட்டார். “மேட் வேணாம் அக்கா, அவிச்சிடும். தெர்மோமீட்டர் ரெண்டு வாங்குங்க, அது போதும்.” கார்ன் ஸ்னேக்குக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 29, 30 டிகிரி, மறுபக்கம் 24, 25 இருந்தால் நல்லது. பினாங்கில் பகலில் 32, இரவில் 25 தானாகவே வந்துவிடுகிறது. இங்கே கவலை சூடு கூடுவதில்தான். மாடியறையில், ஓட்டுக்குக் கீழே, சன்னல் சாத்தியிருந்தால் பிற்பகலில் 35 தொட்டுவிடும், பாம்புக்கு அது ஆபத்து. அதனால் எங்கள் பெட்டி கீழே, படிக்கட்டுக்கு அடியில், வெயில் படாத மூலையில். இரவு முழுவதும் ஏர்கோன் ஓடுகிற அறையில் வைப்பதாக இருந்தால் மட்டும் மேட் வாங்கலாம், அதற்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இல்லாவிட்டால் பாம்பு அதன்மேலேயே படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

ஈரம் இன்னொரு தலைவலி. கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60 விழுக்காடு போதும், இங்கே மழை நாளில் காற்றே 80-க்கு மேல். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் அடி ஈரமாகவே கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும், சளி பிடிக்கும். அதனால் தண்ணீர் தெளிக்கிற வேலையே கிடையாது. தண்ணீர்க் கிண்ணம் சின்னது, காற்றுத் துளைகள் அதிகம். சட்டை உரிக்கப்போகும்போது கண் நீலம் பாய்ந்து மங்கும், அந்த நாட்களில் மட்டும் ஈரப் பாசி வைத்த டப்பா ஒன்றை உள்ளே வைக்கலாம். ஜாகுங் முதல் சட்டையைத் தலை முதல் வால் வரை ஒரே துண்டாகக் கழற்றியது. கண்ணை மூடியிருக்கும் மெல்லிய செதிலும் வால் நுனியும் சட்டையோடு வந்தனவா என்று சரிபார்ப்பது மூத்தவன் வேலை. அந்தச் சட்டை இப்போது அவன் அறிவியல் புத்தகத்துக்குள் இருக்கிறது.

இனி என் பேட்டை. ஊர்வன எல்லாமே குடலில் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம், பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடாமலிருப்பது நல்லது என்பது மருத்துவ உலகின் அறிவுரை. உங்கள் கடைக்குட்டிக்கு மூன்று வயது என்றால் இரண்டு வருடம் பொறுங்கள், பாம்பு எங்கேயும் ஓடிப்போகாது. தொட்டபின் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவ வேண்டும், சானிடைசர் மட்டும் போதாது. முத்தம் கிடையாது. பெட்டியையும் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, எங்கள் வீட்டில் அதெல்லாம் பின்கட்டுக் குழாயடியில். எலி உறைந்திருந்தாலும் கிருமி சாகாது. அதனால் அதற்கு மூடியுள்ள தனி டப்பா, ஐஸ் பெட்டியில் தனித் தட்டு. முடிந்தால் பழைய சின்ன ஐஸ் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிற மாமியார் இருக்கிற வீட்டில் அந்தச் செலவு நியாயமானது, நாங்கள் செய்தோம். இதை எல்லாம் கடையில் நான் கேட்காமலே சொன்னார்கள், வாசலில் கைகழுவும் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் துடைக்கத் துணித் துண்டு. ஒரே துண்டை எல்லாரும்! காகிதத் துண்டு வையுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது, ஏனென்றால் வாங்குவதா இல்லையா என்பதில் பாதி வாக்கு அவருடையது. ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர். பயம் அவருக்குத் துளியும் இல்லை. “நாகம் தானா வந்தா வரட்டும். பிடிச்சு டப்பாவுல அடைச்சுக் காசுக்கு வாங்குறதா? பாவம் இல்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இது காட்டில் பிடித்தது இல்லை அத்தை, பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தது, வெளியே விட்டால் பிழைக்கவும் தெரியாது, விடவும் கூடாது என்று சொன்னேன். பாதி சமாதானம் ஆனார். வயதானவர்கள் தொடக் கூடாது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள் என்றதும் மீதியும் ஆனார். தினமும் படுக்கப் போகும்முன் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவர் இப்போது அவர்தான். பாம்பு பால் குடிக்காது என்பதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மூடி என்றதும் அந்தக் குறைந்த மதிப்பெண் ஞாபகம் வருகிறது. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியின் இரண்டு பக்கக் கிளிப்பும் லூஸ். கார்ன் ஸ்னேக் தப்பிப்பதில் கெட்டிக்காரப் பாம்பு, தலை நுழைகிற இடுக்கில் உடம்பும் நுழைந்துவிடும். முதல் இரவே மூக்கால் மூலையை முட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் காகிதக் கட்டுக்குப் போடுகிற பெரிய கருப்புக் கிளிப் நான்கு வாங்கிப் போட்டேன், அப்புறம்தான் நிம்மதி. கடையில் சொன்னபின் வேறு பெட்டி மாற்றித் தந்தார்கள், ஆனால் பாம்பு விற்கிற கடையில் பெட்டியைச் சோதிக்காமல் கொடுப்பதா? அடுத்தது அடியில் விரிக்கும் ஆஸ்பென் மரச்சீவல். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு மூலையில் பூஞ்சை பிடித்துவிட்டது. மேட்டை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் இதையும் சொல்லியிருக்கலாம். இப்போது சமையலறைக் காகிதம்தான் விரிக்கிறேன். அழகு இல்லை, ஆனால் கழிவு எங்கே இருக்கிறது, ரத்தம் இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா எல்லாம் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். மறைவிடம் என்று விற்கிற பிசின் குகைகளும் அநியாய விலை. பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும், இரு பக்கமும் ஒவ்வொன்று.

எங்களுக்கு ஆனது: பாம்பு 220 வெள்ளி (ரிங்கிட்), பெட்டி 45, தெர்மோமீட்டர் இரண்டும் 30, எலி ஒன்று 3 வெள்ளி. மாதச் செலவு ஒரு குடும்பம் நாசி கண்டார் சாப்பிடுகிற செலவுகூட இல்லை. வைத்தியச் செலவு வேறு. எல்லா விலங்கு மருத்துவர்களும் பாம்பைப் பார்க்க மாட்டார்கள், யார் பார்ப்பார்கள் என்று வாங்குவதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டு எழுதி வையுங்கள்.

எந்தக் கடையில் வாங்கினாலும் இந்தச் சோதனையை நீங்களே செய்யுங்கள். ஈரமான வெள்ளை டிஷ்யூவால் உடம்பைத் துடைத்துப் பாருங்கள், கருப்புப் புள்ளி ஒட்டினால் உண்ணி. தாடைக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் பாருங்கள், தண்ணீர்க் கிண்ணத்தின் அடியையும் பாருங்கள். வாயோரம் நுரையோ மூச்சில் கிறீச்சோ இருந்தால் வேண்டாம். கழிவுத்துளை சுத்தமாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் துவண்டு தொங்காமல் விரலைப் பற்ற வேண்டும். இவ்வளவையும் நான் செய்து முடிக்கும்வரை தம்பி பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். “அக்கா போலீஸ்ல வேலையா?” என்று மட்டும் கேட்டார்.

பாம்பு யார் பெயரில் என்ற கேள்விக்குக் கடையிலேயே பதில் எழுதியாகிவிட்டது: ரசீது என் பெயரில். இன்னும் ஏழெட்டு வருடத்தில் மூத்தவன் மெட்ரிகுலேஷனோ வெளியூர்ப் பல்கலைக்கழகமோ போய்விடுவான், ஜாகுங் அப்போது பாதி ஆயுளில் இருக்கும். அதற்குப் பிறகும் பெட்டியைக் கழுவப்போவது நான்தான். அதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் அந்த மாடிப்படி ஏறுங்கள்.

வண்டி நிறுத்த இடம் கிடையாது, சந்தைப் பக்கம் போட்டுவிட்டு நடந்து வாருங்கள். ரொக்கமோ கியூஆரோ மட்டும்தான், கார்டு எடுப்பதில்லை. தைப்பூச வாரம் முழுக்கக் கடை மூடியிருக்கும், தம்பி தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் வேலைக்குப் போய்விடுவார். எலியை முந்தின வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.